நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? குமரி மாவட்டத்திலும் கடல் கடந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய்க்கோ லண்டனுக்கோ வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் கேட்பதும், நாகர்கோவிலுக்கு முதல் தடவை வரும் வெளியூர்க்காரர்கள் கேட்பதும் கடைசியில் ஒரே கேள்விதான்: நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். 'இந்தியச் சாப்பாடு' என்று தேடாதீர்கள், எந்த ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தேடுங்கள். எப்படித் தேடுவது என்பதைக் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்று பலகை பார்த்துப் போனால் ஏன் நம்ம ருசி கிடைப்பதில்லை?

அந்தக் கடைகள் நம்மை நினைத்துத் தொடங்கப்பட்டவை அல்ல. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1810-இல் லண்டனில் ஓர் உணவகம் திறந்தார். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்களை நம்பித் திறந்த கடை அது. நீண்ட நாள் ஓடவில்லை. 1926-இல் ரீஜென்ட் தெருவில் வீராசாமி உணவகம் வந்தது. பிறகு பிரிட்டன் முழுக்கப் பரவிய கறிக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து போனவர்கள். வெங்காயத்தை அண்டா நிறைய வேகவைத்து அரைத்து ஓர் அடிக்குழம்பு செய்து வைத்துக்கொள்வார்கள். ஆர்டர் வந்ததும் அதை எடுத்து, மசாலாவையும் காரத்தையும் மாற்றி, வேறு வேறு பெயரில் பரிமாறுவார்கள். பட்டர் சிக்கன், தந்தூரி வகைகள் எல்லாம் 1947 பிரிவினையில் பெஷாவரிலிருந்து டெல்லிக்கு வந்தவர்கள் நடத்திய மோத்தி மஹால் உணவகம் வழியாகப் பெயர் பெற்றவை. இந்த இரண்டு வழியும் சேர்ந்ததுதான் உலகம் முழுக்க 'இந்தியன்' மெனு என்று அச்சாகியிருப்பது.

தேங்காய் அரைத்த கறிக்கு இந்த முறையில் இடம் கிடையாது. தேங்காய் அரைப்பை நாள் கணக்கில் அண்டாவில் வைத்திருக்க முடியாது, புளித்துவிடும். அன்றன்றைக்கு அரைக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், திரும்பத் திரும்ப வந்து அதைக் கேட்டுச் சாப்பிடுகிறவர்களும் வேண்டும். நம்ம மாவட்டத்துச் சமையலில் பாதிக்கு மேல் தேங்காய் அரைப்புதான் என்பதால், பலகையைப் பார்த்துப் போகிற கடையில் நமக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். அவர்கள் சமையலை நான் குறையாகச் சொல்லவில்லை. நாணும் தந்தூரிக் கோழியும் சாப்பிட ஆசை வந்தால் தாராளமாக அங்கே போகலாம். வறுத்த தேங்காயை அரைத்து வைக்கும் நம்ம புளிக்குழம்பான தீயலை மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அப்போ நல்ல கடை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதலில் மெனுவின் நீளம். நூற்றைம்பது பெயர் இருந்தால் பெரும்பாலும் ஒரே குழம்புதான் பெயர் மாறி வருகிறது. இருபது பெயர் எழுதி, அதில் ரெண்டு 'இன்றைக்கு இல்லை' என்று அடித்திருந்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

அடுத்தது, வாரநாள் மதியம் யார் சாப்பிடுகிறார்கள் என்பது. சனிக்கிழமை ராத்திரி எந்தக் கடையும் நிறையும். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு டாக்சி ஓட்டுகிறவர், நர்சு, கட்டட வேலைக்காரர் என்று ஆட்கள் வந்து சோறு வாங்கிப் போனால், வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைச் சாப்பிடுகிறார்கள் என்று பொருள். அந்த மாதிரிக் கடையில் மேஜை விரிப்பு இருக்காது, ஆனால் ரசம் இருக்கும்.

மூன்றாவது, நேராகக் கேட்டுவிடுங்கள்: "சமைக்கிறவர் எந்த ஊர்?" பெருமையாகச் சொல்வார்கள். அவர் சாத்தான்குளமோ கொல்லமோ என்றால் மீன் குழம்பு கேளுங்கள். ஆக்ரா என்றால் ரொட்டியும் பருப்பும் கேளுங்கள். அவருக்குக் கைவந்ததை வாங்கிச் சாப்பிடுவதுதான் புத்தி. "இன்னைக்கு என்ன மீன்?" என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் வந்தால் உட்காரலாம்.

இணையத்தில் தேடும்போது நட்சத்திரம் எத்தனை என்று பார்ப்பதை விட, மதியச் சாப்பாட்டுத் தட்டின் படத்தைப் பாருங்கள். சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, பப்படம், துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) கண்ணில் பட்டால் போதும். புட்டு, தீயல், மீன் அவியல் என்று பண்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலும் சரியான கடை சிக்கும்.

கோவில் கேன்டீன்களை மறக்க வேண்டாம். நியூயார்க்கில் பிளஷிங் பகுதியிலுள்ள கணேசர் கோவில் கேன்டீனின் தோசைக்காகவே நகரத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

வளைகுடா நாட்டுக்குப் போகிறேன். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவேனா?

வெளிநாடு என்றால் நமக்குச் சாப்பாட்டில் மிகவும் சுலபமான இடம் அதுதான். மலையாளிகள் நடத்தும் சின்ன ஓட்டல்கள் துபாயின் கராமா, பர் துபாய், பஹ்ரைனின் மனாமா, தோஹா எங்கும் உண்டு. காலையில் புட்டும் கடலையும், மதியம் மீன் குழம்போடு சோறு, சாயங்காலம் ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜியும் டீயும். நம்ம கடற்கரை ஊர்களிலிருந்து மீன்பிடி வேலைக்கே அங்கே போனவர்கள் ஏராளம், அதனால் மீன் விஷயத்தில் வழி சொல்ல ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சந்தையில் கிங்பிஷ் என்று விற்பது நம்ம நெய்மீன். ஹமூர் என்பது களவா. ஷேரி என்று கேட்டால் விளமீன் கிடைக்கும், தேங்காய் அரைத்த குழம்புக்கு அது அருமையாகச் சேரும்.

ஓர் எச்சரிக்கை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. அம்மா அன்போடு கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி இருந்தாலும் விமான நிலையத்திலேயே சிக்கல்தான். சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை உண்டு.

சிங்கப்பூர், மலேசியா?

கவலையே வேண்டாம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, தேக்கா சந்தை. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாடு இரண்டு ஊரிலும் நன்றாக இருக்கும். அங்கே போய் நம்ம ஊர்க் குழம்பையே தேடிக்கொண்டிருக்காமல் மீன் தலைக் கறி, நாசி கண்டார், ரொட்டி சானாய் எல்லாவற்றையும் சாப்பிடுங்கள். நம்ம ஆட்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சமைத்து உருவாக்கியவை அவை.

ஐரோப்பா, கனடா, அமெரிக்கா போனால் எங்கே தேடுவது?

இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கும் தெருவைக் கண்டுபிடியுங்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், பாரீசில் லா ஷப்பேல், டொராண்டோவில் ஸ்கார்பரோ. இடியாப்பம், சொதி, புட்டு, தேங்காய்ச் சம்பல் என்று அவர்கள் சாப்பாட்டில் தேங்காய் நிறைந்திருக்கும். மசாலாவைக் கருக வறுப்பார்கள் என்பதால் கறியின் நிறமும் மணமும் மாறும், ஆனாலும் பஞ்சாபிக் கடையை விட நம்ம அடுக்களைக்கு எவ்வளவோ பக்கம். மலையாளி நர்சுகள் அதிகம் வேலை செய்யும் ஊர்களில் கேரளக் கடையும் ஒன்றிரண்டு இருக்கும். டூட்டிங்கில் இரண்டு வகையும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் எடிசன், நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் போன்ற இடங்களில் மளிகை எல்லாம் கிடைக்கும். சிறிய ஊரில் மாட்டிக்கொண்டால் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கக் கடைகளுக்குள் நுழையுங்கள். உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), ஏத்தங்காய் மாதிரியான பெரிய வாழைக்காய், சேம்பு வகைகள் எல்லாம் அங்கே இருக்கும். அவர்களுக்கும் அது அன்றாடச் சாப்பாடு.

மரச்சீனி அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இருக்குமா?

இருக்கும். அந்தக் கிழங்கின் பிறப்பிடமே தென்னமெரிக்காதான். நம்ம பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அப்போது மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான். மீன் குழம்போடு மரச்சீனியை நாம் இவ்வளவு பிரியமாகச் சாப்பிடுவதற்குப் பின்னால் பட்டினியிலிருந்து தப்பித்த கதையும் இருக்கிறது.

சமைக்கும்போது நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இருக்கும் நச்சு அதோடு போய்விடும். குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு அப்படியே வற்ற வைக்கும் பழக்கம் வேண்டாம்.

வெளிநாட்டில் நம்ம மீன் குழம்பை நானே வைக்க வேண்டும். எங்கே தவறுகிறது என்று தெரியவில்லை.

பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் கவனித்த வரையில் தவறு மூன்று இடத்தில் நடக்கிறது: தேங்காய், புளி, மீன்.

தேங்காயில் இருந்து தொடங்குவோம். டின்னில் வரும் தேங்காய்ப் பால் நம்ம குழம்புக்கு ஆகாது. நம்முடையது அரைப்புக் கறி, சக்கையோடு சேர்ந்த தேங்காய்தான் குழம்புக்குக் கெட்டி கொடுக்கும். கேக்குக்கு விற்கும் உலர்ந்த தேங்காய்த் தூளும் வேண்டாம், அதில் ஈரமும் மணமும் போயிருக்கும். இந்தியக் கடைகளிலும் இலங்கைக் கடைகளிலும் துருவி உறைய வைத்த தேங்காய்ப் பூ கிடைக்கும், அதை வாங்குங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே மிக்சியில் போட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். குளிர்ந்த தேங்காயைப் போட்டால் வெண்ணெய் மாதிரித் திரண்டு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நிற்கும். நன்றாக இளகவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து அரைத்தால் சந்தனம் போல வரும். அரைக் கிலோ மீனுக்கு ஒரு கப் தேங்காய்ப் பூ, மல்லிப்பொடி ரெண்டு ஸ்பூன், மிளகாய்ப்பொடி ஒன்றரை ஸ்பூன், மஞ்சள் அரை ஸ்பூன், உள்ளி (சின்ன வெங்காயம்) ஐந்தாறு. எல்லாம் சேர்த்து நைசாக அரைக்க வேண்டும்.

புளிக்கு விளவங்கோடு பக்கம் குடம்புளி (உலர்த்திய ஒரு புளிப்புப் பழம்) அதிகம், நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் சாதாரணப் புளி. எது உங்கள் வீட்டு வழக்கமோ அதைப் போடுங்கள். குடம்புளி தீர்ந்துவிட்டால் இலங்கைக் கடையில் கொறக்கா என்று கேளுங்கள், அதே இனம்தான். ரெண்டு மூன்று துண்டைக் கழுவி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். பச்சை மாங்காய் கிடைத்தால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

மீன் விஷயத்தில் சால்மனை விட்டுவிடுங்கள். அதன் கொழுப்பும் வாசனையும் தேங்காயோடு சேராது, சதையும் உடைந்துவிடும். வட அட்லாண்டிக் கானாங்கெளுத்தி, அதுதான் கடைகளில் மேக்கரெல் என்று விற்பது, நம்ம அயிலைக்கு உறவு. கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அதனால் புளி ஒரு துண்டு அதிகம் வேண்டும். போர்ச்சுகீசியக் கடைகளில் உறைய வைத்த சாளை (மத்தி) நன்றாக இருக்கும். குழம்புக்கு முழு மீனாக வேண்டுமென்றால் சீ பிரீம் வாங்கி, தலையோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். தலையை வீசிவிடும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

அரைப்பும் புளியும் சேர்ந்து கொதித்து, பச்சை வாசனை போன பிறகுதான் மீன் போட வேண்டும். அதற்கப்புறம் கரண்டி போடக் கூடாது, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினால் போதும். இறக்கும்போது கறிவேப்பிலையும் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெயும். சாப்பிட அவசரம் இல்லையென்றால் ராத்திரி வைத்து மறுநாள் சாப்பிடுங்கள், புளி மீனில் ஏறியிருக்கும்.

ஊரிலிருந்து பெட்டியில் என்ன கட்டிக்கொண்டு போகலாம்?

குடம்புளி, கருப்பட்டி, நல்லமிளகு, வறுத்துப் பொடித்த மல்லி மிளகாய், நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து. இவை நாள் தாங்கும், எடைக்கும் மதிப்புண்டு. ஊறுகாய் வேண்டுமானால் செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் வந்து நூறு மில்லி வரம்பில் தடுத்துவிடுவார்கள்.

கொப்பரைத் தேங்காயைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. எண்ணெய் அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருளாக அதைக் கருதுகிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எடுத்துப்போக விடமாட்டார்கள், எலுமிச்சை ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோய்ப் பூச்சி அதோடு போய்விடும் என்ற பயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் இங்கிருந்து இறைச்சியும் பால் பண்டங்களும் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் வந்துவிடும். ஆஸ்திரேலியா என்றால் எந்தச் சாப்பாட்டுப் பொருளையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம் பெரிது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த நாட்டுச் சுங்கத்துறைத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் வெளியூர். கன்னியாகுமரிக்கு வருகிறோம். நல்ல உள்ளூர்ச் சாப்பாடு எங்கே?

சூரிய உதயம் பார்க்கிற இடத்தைச் சுற்றியுள்ள ஓட்டல்கள் வடநாட்டுப் பயணிகளுக்காக நடப்பவை. அங்கே பாவ் பாஜியும் குஜராத்தித் தாலியும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு நாகர்கோவிலுக்கு வாருங்கள், அரை மணி நேரப் பயணத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வடசேரி, கோட்டாறு பக்கம் மதியம் மட்டும் நடக்கும் சின்ன மெஸ்களில் சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும் பொரித்த மீனும் கிடைக்கும். பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள், இரண்டு மணிக்கு நல்ல மீன் தீர்ந்திருக்கும். மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மரச்சீனியும் மீனும், பொரோட்டாவும் பீப் கறியும் அந்தப் பகுதிக்கே உரிய கைமணத்தோடு இருக்கும்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதும் முக்கியம். நம்ம மாவட்டத்தில் இரண்டு கடற்கரைக் கணக்கு. கிழக்குக் கரைக்கு, அதாவது சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கரைக்கு, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வேறெங்கும் இல்லாத இந்த வசதியால் மே மாதம் குளச்சலில் மீன் இருக்கும், ஜூலையில் சின்னமுட்டத்தில் இருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டு பக்கமும் அடைபடும். அப்போதும் வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவரும் மீன் உண்டு. விலை ஏறியிருக்கும், ஆனால் அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும்.

வடசேரி கனகமூலம் சந்தைக்கு ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். மட்டி, செவ்வாழை, ரசகதலி, பாளையங்கோடன், ஏத்தன் என்று குலை குலையாக வாழை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தைக் கட்டாயம் வாங்க வேண்டும். விரல் அளவுதான், தேன் மாதிரி இனிக்கும், கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழம் இங்கே அதுதான். நன்றாகப் பழுத்தது ஒரு நாளைக்கு மேல் தாங்காது, அதனால் தூரத்து ஊர்க் கடைகளில் நல்ல மட்டி கிடைப்பது அபூர்வம். பனைக் காலத்தில் வந்தால் விடியற்காலையில் அக்கானி (பதநீர்) குடியுங்கள், வெயில் ஏறிய பிறகு வாங்க வேண்டாம்.

சாயங்காலம் டீக்கடையில் ரசவடை கேளுங்கள். சிப்ஸ் வாங்குவதென்றால் கண்முன்னே தேங்காய் எண்ணெயில் பொரிக்கும் கடையில் நின்று வாங்குங்கள்.

நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சாப்பாடு ஓட்டலில் கிடைக்குமா?

முழுதாகக் கிடைக்காது என்பதுதான் உண்மை. அவியல், எரிசேரி, கிச்சடி, இஞ்சிப் பச்சடி, துவரன், ஏத்தங்காய் உப்பேரி என்று இலை நிறைய வைத்து, பருப்பும் நெய்யும் பப்படமும் தொடங்கி, சாம்பார், புளிசேரி, ரசம், மோர் என்று போகும். நடுவில் வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்த பாயசமான பிரதமன் வரும், பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிட வேண்டும். பால் பாயசம் என்றால் போளியோடு. வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நூறு பேருக்கு உருளியில் வைக்கும் பிரதமனின் ருசி நாலு பேருக்கு வைக்கும்போது வருவதில்லை, சமையற்காரர்களே இதைச் சொல்வார்கள்.

வழி இருக்கிறது. உள்ளூர் நண்பர் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். அது இல்லையென்றால் ஓணத்தை ஒட்டிய நாட்களில் வாருங்கள். அப்போது நாகர்கோவில் ஓட்டல்கள் சிலவற்றில் முன்பதிவில் இலைச் சாப்பாடு போடுவார்கள். பிரதமன் மட்டும் போதும் என்றால், கல்யாணச் சமையற்காரர்கள் சிலர் பண்டிகை நாட்களில் லிட்டர் கணக்கில் விற்பதும் உண்டு. தங்கியிருக்கும் விடுதியில் விசாரித்தால் சொல்வார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் குமரிச் சாப்பாடு கிடைக்குமா?

அந்தப் பெயரில் கடை அபூர்வம். கேரள மெஸ்ஸில் பாதி ருசி கிடைக்கும். மீதிக்கு, ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சல் வரவழைக்கும் ஊர்க்காரர்கள் உங்கள் பகுதியில் யார் என்று கண்டுபிடித்துக் கூட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.